ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்

மறைநூல் படிப்பதில் தையல்காரருக்கு ஒரு முறை உண்டு. கடையை மூடிவிட்டு வந்து, கைகால் கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எதிரே மனைவி சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பாள். முழுநூலையும் அப்படியே பலமுறை முடித்தவர் என்பதில் அவருக்குச் சின்னதாய் ஒரு கர்வம்.

லாரி ஓட்டும் மைத்துனன், உடைந்த காலில் கட்டோடு வந்து சேர்ந்தான். கடவுள் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதவன். பொழுது போகாமல் அந்த நூலைக் கையில் எடுத்தான்.

ஒரு மாலை தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் தலையணைமேல் காலைப் போட்டபடி அக்காவுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

"போர்லேர்ந்து மகன் வந்துட்டான். அம்மாக்காரி ஓடிப்போய்க் கட்டிக்கல, பின்னாடி வர்ற குதிரைங்கள எண்ணறா. ஏன் தெரியுமாக்கா? இன்னொரு மகனத் தேடறா. எழுதினவன் அதச் சொல்லவே இல்ல பாரு. எண்ணினாள்னு மட்டும் விட்டுட்டான்."

"எழுதினவனா? அது அருளினது மாப்ள. படுத்துக்கிட்டுப் படிக்கற கதைப்புத்தகமா?"

"அருளினவருக்கும் கதை சொல்லத் தெரியுதே அத்தான்."

மனைவியின் ஊசி அந்தரத்தில் நின்றது. "அப்புறம் என்னடா ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருநாளும் 'அப்புறம்' என்று அவள் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. மறைநூலுக்காக வந்த கோபம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். மறுநாள் கடையில் துணி வெட்டும்போது உண்மை உறைத்தது: அந்தக் குதிரைகளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முந்தாநாள் வந்தவன் பார்த்துவிட்டான்.

அன்று மாலை அடுத்த அதிகாரத்தை அவரே எடுத்தார். நிறுத்தி, இழுத்து, மைத்துனனைப் போலவே குரலைத் தாழ்த்திப் படித்தார்.

மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, தொண்டை கட்டியிருக்கா?"

மைத்துனன் போர்வையால் வாயை மூடிக்கொண்டான். அவர் காது சிவக்கத் தொடர்ந்தார். தாய் தனியாக அரண்மனை வாசலுக்குப் போய், காவலனிடம் வராத மகனின் பெயரைச் சொல்கிறாள். அதிகாரம் முடிந்தது. வழக்கம்போல மூடினார்.

"இப்பவா மூடுவீங்க? அந்தப் பொம்பளைய வாசல்லயே நிக்க வச்சிட்டு?"

"இன்னைக்கு உள்ளது அவ்வளவுதான்."

"நீங்க சாப்பிடப் போங்க அத்தான்," மைத்துனன் கையை நீட்டினான். "மிச்சத்த நான் படிச்சுக் காட்டறேன்."

தையல்காரர் நூலை அவன் கைக்கு எட்டாத பக்கம் மாற்றிக்கொண்டு, அடுத்த அதிகாரத்தைப் புரட்டினார்.