சாந்தாமணி அக்கா என்னிடம் கொடுத்த ஹெல்மெட்

செவ்வாய்க்கிழமை மதியம், வீரர்களின் கணுக்கால்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "சாந்தா போயிட்டா தம்பி. ஹார்ட் அட்டாக். கிளினிக்லயே விழுந்துட்டா" என்றார் அவருடைய கணவர். அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. நான் போனை வைத்துவிட்டு அடுத்த காலைப் பிடித்துச் சுற்றினேன். இன்னும் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள்.

சாந்தாமணி அக்கா கோபிச்செட்டிபாளையத்துக்காரர். பிசியோதெரபி படித்தவர். திருமணமாகி டெக்சஸ் வந்து, மறுபடியும் படித்து, ஒரு சிறிய கல்லூரியின் கால்பந்து அணிக்கு டிரெயினர் ஆனார். இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பது. அடிபட்டவனை முதலில் பார்ப்பதும், அவன் மறுபடி ஆடலாமா என்று முடிவு செய்வதும் டிரெயினரின் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வேலையில் அவரோடு சேர்ந்தேன்.

முதல் நாளே, நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒருவன் வீங்கிய முழங்காலோடு நழுவப் பார்த்தான். "உக்காரு!" என்று தமிழில் அதட்டினார். உட்கார்ந்துவிட்டான்.

"இவனுக்குத் தமிழ் தெரியுமாக்கா?"

"உக்காரு, வாய மூடு, ரெண்டும் தெரியும். இவனுங்களுக்கு அது போதும் தம்பி."

பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு பொங்கல் விழாவில் பெரிய மனிதர் ஒருவர் அவரைக் கேட்டார்: "கருப்புப் பசங்க காலைப் புடிச்சு விடறதுக்காம்மா மாஸ்டர்ஸ் பண்ணின? ஐடி பக்கம் ட்ரை பண்ணியிருக்கலாமே?"

"அவனுங்க கால்னா பரவால்லீங்க அங்கிள். உங்க கால்னாத்தான் கை கூசும்."

அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

அடுத்த சீசனில் எங்கள் அணி வரிசையாக வென்றது. எங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது எங்கள் வட்டாரப் போட்டிக் குழுவில், இருந்த கல்லூரிகளையெல்லாம் சாய்த்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. வெற்றி கூடக் கூட, தலைமைப் பயிற்சியாளர் எங்கள் அறைக்கு அடிக்கடி வந்தார். அடிபட்டவன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டதில்லை. சனிக்கிழமை ஆடுவானா என்றுதான் கேட்பார்.

தலையில் அடிபட்டால் அக்கா முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி ஒளித்துவைப்பார். டிரெயினர்கள் பலரும் செய்வதுதான். "மூளை கலங்குனவன்கிட்ட நியாயம் பேசாத. ஹெல்மெட் இல்லாம எவனும் உள்ள போக முடியாது. அதைப் புடுங்கி வெச்சுக்கோ, போதும்."

இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டேரியஸ் தலை மோதி விழுந்தான். எங்கள் அணியில் பந்தோடு ஓடுவதில் முதல் ஆள். இருபது வயது. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார் அக்கா. அக்டோபர்வரை சொன்னவன், அம்மா வந்துவிட்டாளா என்று கேட்டான். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். "யார் கேட்டாலும் குடுக்காத." அதற்குள் இன்னொருவன் தோள்பட்டை பிசகி விழ, அவர் மைதானத்துக்குள் ஓடினார்.

பயிற்சியாளர் வந்தார். கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் என் விசாவுக்குக் கல்லூரி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அக்காவின் கிரீன் கார்டும் அதே கல்லூரியின் கையில்தான் இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் பயம் நியாயம்போலத் தெரியும்.

இரண்டாவது மோதலில் டேரியஸ் எழவில்லை. அணி வென்றது. காகிதத் துணுக்குகள் பறந்துகொண்டிருக்க, அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

டேரியஸை ஆடத் தான் அனுமதிக்கவில்லை என்று அக்கா அறிக்கை எழுதினார். அனுமதித்தார் என்றார் பயிற்சியாளர். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். கூட்டத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அக்காவுக்கு வேலை போயிற்று, அதோடு கிரீன் கார்டு விண்ணப்பமும். எனக்கு விசா வந்தது. சாம்பியன்களுக்கான மோதிரமும் வந்தது.

அலமாரியைக் காலி செய்த அன்று அக்கா கேட்டார்: "பயத்துல குடுத்துட்ட. அது எனக்குப் புரியுது தம்பி. பாக்கலன்னு சொன்னியே, அது எதுல?"

அவருடைய பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். பிறகு அவர் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்; நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இர்விங்கில் இறுதிச் சடங்கு. அவருடைய கணவர் என் தோளை அணைத்துக்கொண்டு, "சாந்தாவோட ஒண்ணா வேலை பாத்தவர்" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். அக்கா அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. டேரியஸ் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தான். இப்போது வெளிச்சம் அவனுக்கு ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை தொலைந்துவிடுகிறது. அவன் அம்மா என் அருகில் வந்தார்.

"இவள் சரி என்று சொல்லித்தான் என் பையன் ஆடினான் என்று கல்லூரி எழுதியிருக்கிறது. உண்மையா? ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து அவனோடு பேசினவள். அவளிடம் இதை எப்படிக் கேட்டிருப்பேன்?"

"இல்லை" என்றேன். "அவர் வேண்டாம் என்றார். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தது நான். கேட்டு வாங்கியது பயிற்சியாளர்."

என் தோளிலிருந்து கணவரின் கை இறங்கியது.

அந்த அம்மா கத்தவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எல்லோருக்கும் கொடுத்திருந்த நினைவு அட்டையைத் திருப்பி, என் முன்னால் வைத்தார். "இப்போது சொன்னதை எழுது. கீழே உன் பெயரையும் போடு."

எழுதினேன். அட்டையின் மறுபக்கம் அக்காவின் படம் இருந்ததால், அழுத்தாமல் எழுத வேண்டியிருந்தது.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.