விளக்குப் போடும் உத்தியோகம்

அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஆள் குடியிருந்தது ஒன்பதில். மிச்ச வீடுகளின் சாவியெல்லாம் மூன்று வளையங்களில் கோத்து ஒரே ஒருத்தியின் இடுப்பில் தொங்கின. அதனால் அவளுக்குச் சாவியக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

காலையில் பெருக்கித் துடைப்பாள். வாரத்துக்கொரு முறை எல்லாக் குழாயையும் திறந்து துருத் தண்ணீரை ஓடவிடுவாள். ஆனால் கம்பெனி அவளை வைத்திருந்தது மாலை வேலைக்காக. ஆறு மணி ஆனதும் லிஃப்டில் ஏறி நாற்பது காலி வீடுகளில் விளக்குப் போட வேண்டும். சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா, நிறைஞ்சுபோச்சே!" என்று வாயைப் பிளக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வீட்டு ஆட்களிடம்கூட இதை மூச்சுவிடக் கூடாது என்பது மேனேஜரின் கட்டளை.

அதையும் அவள் ஏனோதானோவென்று செய்யவில்லை. முதலில் சமையலறை, அப்புறம் கூடம். நாலாம் மாடியில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருப்பதாக வைத்துக்கொண்டு ஓர அறை விளக்கை விட்டுவைப்பாள். ஏழாம் மாடியில் ஒரு சண்டைக்காரத் தம்பதி. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு விளக்கு.

"அவங்க எப்பத்தான் சமாதானமாவாங்க?" என்று லிஃப்ட் மெக்கானிக் கேட்பார்.

"எனக்குச் சம்பளம் ஏறட்டும், சேத்து வச்சிடறேன்."

அது ஊரே வீடு வாங்கிக்கொண்டிருந்த காலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன். பாங்கில் பணம் போட்டால் வட்டி கொசுறு மாதிரி வந்தது. வீட்டு விலையோ மாதா மாதம் ஏறியது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாரும் சுவரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு பல் டாக்டருக்கு மட்டும் அங்கே பதினோரு வீடு.

"ஒண்ணுலயாவது குடியிருக்கலாமே சார்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"குடியிருந்தா பழசாயிடும்மா. அப்புறம் விலை போகாது."

கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒற்றை அறையில் ஐந்து பேராக, ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் தலையில் இடிக்கிற வாடகைக் குடித்தனம் அவளுடையது. டாக்டரின் பதில் சிரிப்பைத்தான் வரவழைத்தது. அந்த மார்ச் மாதம் வரைக்கும்.

ஒரு சனிக்கிழமை விற்பனை அலுவலகத்தைத் துடைக்கப் போனபோது, மேனேஜருக்கு எதிரே அவளுடைய தம்பி பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பஸ் டிரைவர். பக்கத்தில் அவன் மனைவி.

"அக்கா! சொல்லாம வந்து அசத்தலாம்னு பார்த்தேன்," என்று எழுந்துகொண்டான். "தினமும் இந்த வழியாத்தானே ஓட்டறேன். விளக்கு கூடிக்கிட்டே போகுது. இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கியாம். சேத்து வச்சதெல்லாம் முன்பணம், மிச்சத்துக்கு இருபது வருஷக் கடன்."

சாவியக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். மேனேஜர் புன்னகை மாறாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, வீட்டைப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடு," என்று தம்பியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஏழாம் மாடியில் அடுத்தடுத்து எட்டுக் கதவுகளையும் திறந்துகாட்டினாள். எட்டிலும் வெறும் தரை. தூசி. சுவரில் பெயின்ட் உப்பியிருந்தது.

"அப்ப அந்த வெளக்கு?"

"நான்தான் போடறேன்."

அவன் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தான். "அப்ப தினமும் என்னைத்தான் ஏமாத்திக்கிட்டிருந்தியா?"

"ரோட்டுல போறவன் எவனோன்னு நெனச்சேன்டா. அதுல நீயும் போவேன்னு தோணலை."

அவன் படியிறங்கிப் போனான். கையெழுத்துப் போடவில்லை. அக்காவோடு இரண்டு மாதம் பேச்சும் இல்லை. அன்று மாலையே அவள் மேனேஜரிடம், "இனி விளக்குப் போட மாட்டேன் சார்," என்றாள். அவர் சம்பளத்தைப் பாதியாக்கினார். துடைப்பம் மட்டும் மிஞ்சியது.

அடுத்த வருஷம் பாங்குகள் கடன் கொடுப்பதை இறுக்கின. விலை மளமளவென்று சரிந்தது. கம்பெனி பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. மேனேஜரின் போன் அணைந்தே கிடந்தது. விற்காத வீடுகளை எடுத்துக்கொண்ட பாங்கிலிருந்து ஓர் அதிகாரி அம்மா பட்டியலோடு வந்தார். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவு சிக்கும் என்று சாவியக்கா மடமடவென ஒப்பிக்க, அவர் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"விக்கிற காலம் போச்சு. வாடகைக்கு விடப்போறோம். நீங்களே பாத்துக்கறீங்களா?"

பழைய சம்பளத்தைவிட ஒரு பங்கு கூடக் கேட்டாள். கிடைத்தது. பல் டாக்டரும் தம் பதினோரு வீட்டுக்கும் ஆள் பிடித்துத் தரச் சொல்லி நடையாய் நடந்தார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தம்பி ஐந்தாம் மாடிக்கு வந்தான். கோபம் ஆறிவிட்டிருந்தது, கிண்டல் மட்டும் ஆறவில்லை. சாவியக்காவுக்கு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. ஜெனரேட்டர் சத்தம் தாங்க முடியாது, ஆனாலும் மகள்கள் ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டார்கள்.

எண்பது குடும்பம் ஒன்றாகக் குளிக்க ஆரம்பித்ததும் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றது. சாவியக்கா அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், காலி வீட்டுக்கு வாங்கின மோட்டார் இது. எங்களுக்குப் பத்தாது. பெருசா ஒண்ணு வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள."

வியாழக்கிழமையே வந்துவிட்டது.