முகம் கொடுக்காத விருந்தாளி

உள்ளே இருக்கும் மீன் மிரளாமலிருக்க, இரங்கனி தொட்டிக் கண்ணாடியில் ஈரச் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று பக்கம் ஒட்டியாயிற்று, தான் பார்க்க ஒரு பக்கத்தை விட்டாயிற்று, மேல்விளக்கையும் அணைத்தாயிற்று. புதிதாக வரும் கடல்மீனை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, தீனி தின்னப் பழக்கிய பிறகுதான் கொழும்பு வண்டியில் ஏற்றுவாள். இவள் கொட்டிலிலிருந்து போன மீன் வழியில் செத்தது என்று நீர்கொழும்பில் யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்! கரையில் கூடை சுமந்தவள். கையெழுத்து இன்றும் கோணல்தான். ஆனால் கொட்டில் நிறையத் தொட்டி.

"கடல்ல இருக்கிற அத்தனை மீனுக்கும் என்னைத் தெரியும்" என்பாள். மறுத்துப் பேசுகிறவருக்கு அன்று தேநீர் கிடையாது.

இந்த மீனுக்கு மட்டும் தெரியவில்லை. கரிய உடம்பெங்கும் வெண்புள்ளி தெளித்த கூச்சக்காரன். ஒளிந்துகொள்ளப் போட்ட பிளாஸ்டிக் குழாயை விட்டு அது வரவேயில்லை, வந்ததிலிருந்து ஒரு வாய் தின்னவுமில்லை. வயிறு ஒட்டிவிட்டது. இப்படியே போனால் பிழைக்காது.

குச்சி நுனியில் இறாலைக் குத்தி, குழாய்க்கு வெளியே தெரிந்த கண்ணுக்கு நேரே நீட்டினாள். "தின்னு மகனே. யார் ஊட்டுறா தெரியுமா? இரங்கனி!"

பின்னால் சிரிப்பு. அந்த மீனை முக்குளித்துப் பிடித்துவந்த டன்ஸ்டன். "அக்கே, வாலுக்கு எதுக்குச் சோறு ஊட்டுறீங்க?"

குனிந்து பார்த்தாள். கண் இல்லை அது. துடுப்படியில் கண் போல ஒரு புள்ளி. தலையைக் குழாய்க்குள் செருகிக்கொண்டு, வாலை விரித்து, கடிக்க வரும் விலாங்கின் மூஞ்சி போலக் காட்டி நிற்கிறது மீன்.

"எனக்குத் தெரியாதாடா? வேணும்னுதான் நீட்டினேன். வாலுக்குப் பயம் தெளிஞ்சாத்தான் தலைக்குத் தெளியும்."

"உங்க மூஞ்சி முன்னால நிக்கிற வரைக்கும் தெளியாது. அது உங்களை விரட்டுது, அக்கே."

வாசலில் கொழும்பு வண்டி. ஓட்டுநர் எட்டிப் பார்த்தான். "நோனா, அந்தப் புள்ளி மீனை இன்னிக்கே கொண்டுவரச் சொன்னார் எங்க கொழும்பு முதலாளி. இல்லாட்டி இனிமே மார்கஸ் கொட்டிலுக்குத்தான் வண்டியாம்."

"போகட்டும். பட்டினி மீனை மார்கஸ் அனுப்புவான். நான் அனுப்ப மாட்டேன்."

வண்டி நிஜமாகவே போய்விட்டது.  இரங்கனி கிண்ணத்திலிருந்து உயிர் இறால் ஒன்றை எடுத்துத் தொட்டியில் விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"நீயும் திரும்புடா."

"நான் என்ன பண்ணினேன்?"

"உன் மூஞ்சி என்னோடதைவிட மோசம்."

இருவரும் பாடம் ஒப்பிக்காத பிள்ளைகள் போலச் சுவரைப் பார்த்து நின்றார்கள். காற்றுக்குழாயின் குமிழ்ச் சத்தம் மட்டும். நெடுநேரம் கழித்துத் தண்ணீரில், வாய் கவ்வி மூடுவது போல, 'டப்' என்றது.

டன்ஸ்டன் கழுத்தைத் திருப்பினான். அவன் கன்னத்தைச் சுவர்ப்பக்கமே தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரங்கனி தானும் திரும்பாமல், மறுகையைப் பின்னால் நீட்டிக் கிண்ணத்தைத் துழாவினாள், அடுத்த இறாலுக்கு.