இரண்டாவது ரிலீவிங் லெட்டர்

இது நிஜமாக நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றாலே சிரிக்கிறவள் பார்கவி. அவளே இப்போது சிரிப்பதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்து, புனே பக்கம் சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தாள். அங்கே இரும்புத் தகட்டை அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் செத்துக் கிடந்தது. உள்ளே கை போனாலும் மெஷின் நிற்காது. 'எல்லாம் சரி' என்று செக்லிஸ்ட்டில் கையெழுத்துக் கேட்டார் மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி. அவள் சண்டைக்குப் போகவில்லை. பதினோராம் நாள், வாய்ப்புக்கு நன்றி, சொந்தக் காரணம் என்று நாலே வரியில் ராஜினாமா கொடுத்தாள். ஆனால் வேலையிலிருந்து விடுவித்தோம் என்று தரும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனி அவளை உள்ளே விடாது. அது கிருஷ்ணஸ்வாமிக்கும் தெரியும்.

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வியாழன் அங்கே வார விடுமுறை. கேட் வாட்ச்மேன் தவிர ஆள் கிடையாது. மெயின் ஸ்விட்சைப் பூட்டிவிடுவார்கள்.

மாலை 5.20. கேபினில் அவர் மட்டும் இருந்தார்.

"இந்த ஃபாரத்துல டூல் ரூம் கையெழுத்து பாக்கி இருக்கேம்மா. வாங்கிண்டு வா. இல்லேன்னா செக்லிஸ்ட்ல ஒண்ணு போட்டுட்டுக் கிளம்பு."

"லீவு நாள்ல அங்க யாருங்க சார் இருப்பாங்க?"

"அது உன் பாடு."

சிரித்தார். பார்கவி ஃபாரத்தை எடுத்துக்கொண்டாள். 'நீ உருப்படவே மாட்டே' என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே நடந்தாள்.

5.40. டூல் ரூம் திறந்திருந்தது.

இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிற யூனிஃபார்ம். வலது கைச் சட்டை வெறுமனே தொங்கியது. இடது கையால் ஃபாரத்தை வாங்கினார். மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ஜெரோஷ் என்று படித்தாள். இந்தி கலந்த தமிழில் கேட்டார்.

"செக்லிஸ்ட்ல... சைன் பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அச்சா. சார் கேபின்ல இருக்கார் நா?"

"இருக்காருங்க."

"நீங்க இங்கயே உக்காருங்க. பத்து நிமிஷம்."

எழுந்து போனார். காலடிச் சத்தமே கேட்கவில்லை...

5.47.

தடாம்!

ஒரே ஒரு முறை. தரை அதிர்ந்தது. பிரஸ் இறங்கும் சத்தம்.

ஆனால்... கரண்ட்டே இல்லையே?

அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

5.58. எப்படியோ கேபினுக்கு வந்தாள். கிருஷ்ணஸ்வாமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சார்..."

இடது கை மட்டும் பின்னால் நீண்டு வந்தது. ஒரு கவரைத் தள்ளியது.

சொட்... சொட்...

நாற்காலிக்கு அடியில் ஏதோ சொட்டியது.

"போங்க."

அவளை ஒருநாளும் 'போங்க' என்று சொன்னவர் இல்லை அவர்.

ஓடினாள். கேட் நோட்டில் அவள் எழுதிய நேரம் 6.02.

மெட்ரோவில் கவரைப் பிரித்தாள். உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று பழசு, நாலாக மடித்தது, ஓரமெல்லாம் பழுப்புக் கறை. ஜெரோஷின் பெயர், போன வருஷத் தேதி. அடியில் கிருஷ்ணஸ்வாமியின் கையெழுத்து மட்டும் புதிது. தொட்டதும் மை விரலில் ஒட்டியது.

மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்தார். நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அடியில் கிருஷ்ணஸ்வாமியின் உடல். மெயின் ஸ்விட்ச் பூட்டியபடியே இருந்தது. நசுங்கிய கடிகாரத்தில் மணி 5.47.

பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை தோன்றவில்லை.

"ஜெரோஷ் அங்கதானே இருந்தாரு, அவரு பார்க்கலையா?" என்று இந்தியில் கேட்டாள்.

வாட்ச்மேன் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஜெரோஷ். அவரும் கையெழுத்துப் போட மறுத்து, சேர்ந்த பதினோராம் நாளே ராஜினாமா கொடுத்தவர். 'ஒரு ஷிஃப்ட் அந்த பிரஸ்ஸை ஓட்டிக் காட்டு, லெட்டர் தரேன்' என்றாராம் கிருஷ்ணஸ்வாமி. ஜெரோஷின் வலது கையோடு உயிரும் போயிற்று.

சட்டைப் பையில் ரிலீவிங் லெட்டர் இருந்ததாம். கையெழுத்து மட்டும் இல்லை. அவர் மனைவி ஃபியோனா அதை நாலாக மடித்து, சவப்பெட்டிக்குள் வைத்தே அடக்கம் செய்தாளாம்.