கடைசி வரியில் இருந்த அஞ்சலி

போன வருடம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது இது.

கிள்ளானில் ஓர் அச்சுக்கடையில் கணினி வடிவமைப்பு என் வேலை. கல்யாணப் பத்திரிகை, பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். அதனால் எழுத்து என்றாலே பயம். ஒரு 'ன'வைப் பத்து முறை பார்ப்பேன்.

கடைக்கு வரும் ஒருவர், துறைமுக லோரி ஓட்டுநர்களைப் பற்றிக் குறும்படம் எடுத்தார். "டைட்டில் நீங்கதான் செய்யணும்க்கா" என்றார். கிரேன் ஒவ்வொரு கண்டெய்னராக இறக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். அப்படித்தான் செய்தேன். பார்க்க எனக்கே அழகாக இருந்தது.

பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் வந்திருந்தது. எல்லாப் பெயரோடும் அப்பா பெயர். இன்னாரின் மகன், மகள் என்று காட்ட அடையாள அட்டையில் நடுவே வரும் ஏ/எல், ஏ/பி மட்டும் இல்லை. கடைசி வரி, அஞ்சலி சுப்பிரமணியம். (அப்பா பெயரை மட்டும் இங்கே மாற்றிவிட்டேன்.)

வாராவாரம் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற கண்ணுக்கு அது ஒரு பெண்ணின் பெயராகத் தெரியவில்லை. பாவம், யாரோ சுப்பிரமணியம் தவறிவிட்டார் போல என்று நினைத்தேன். துக்கத்தைக் கிளற வேண்டாமே என்று கேட்கவும் இல்லை. கறுப்புத் திரை, ஒரு குத்துவிளக்கு, மேலே 'அஞ்சலி', கீழே அவர் பெயர். 'ண'வா 'ன'வா என்று மட்டும் மறக்காமல் பார்த்தேன். படம் காட்டும் அன்று காலையில்தான் அனுப்பி வைத்தேன். படம் எடுத்தவருக்கும் சரிபார்க்க நேரமில்லை.

மண்டபத்தில் கண்டெய்னர்கள் இறங்க இறங்கக் கைதட்டல். பிறகு திரையில் அந்தக் குத்துவிளக்கு வந்தது. எல்லாரும் அமைதியானார்கள். பக்கத்திலிருந்த ஆன்டி உச்சுக்கொட்டினார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், நான் இங்கதாண்டா உக்காந்திருக்கேன்!"

மண்டபமே சிரித்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அஞ்சலி, படம் எடுக்கப் பண்டமாரானில் தன் வீட்டைக் கொடுத்த பெண். குரல் கொடுத்தவர் அவர் அப்பா.

படம் முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசலில் அஞ்சலி நின்றிருந்தார், கண் கலங்கி.

"அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசந்தான் ஆகுதுக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பின்னாலேயே அவர் அப்பா வந்தார்.

"விடு லா. செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டி. ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் இப்படிச் சிரிச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணும்மா, எல்லாருக்கும் கண்டெய்னர், எனக்கு மட்டும் வெளக்கா? முப்பது வருஷம் போர்ட்ல லோரி ஓட்டினவன்மா நான்!"

அஞ்சலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே அஞ்சலிக்கு ஒரு கண்டெய்னர் செய்தேன். அவர் அப்பா ஓட்டிய லோரியின் சிவப்பு நிறம், இரண்டு பெயரும் ஒரே வரியில். இப்போதெல்லாம் பட்டியல் வந்தால் போன் போட்டு, அந்தந்த ஆளையே பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சலியின் அப்பாவும் கடைப்பக்கம் வந்தால், "அமரர் வந்திருக்கேன், தேத்தண்ணி இருக்கா?" என்று வாசலிலேயே குரல் கொடுப்பார். என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பிழை வந்துவிடுமோ என்று தயங்கும்போதெல்லாம், பிழையைப் பார்த்துவிட்டும் சிரித்த ஒரு மனிதர் பண்டமாரானில் நன்றாக இருக்கிறார் என்ற நினைப்பு வந்து, அடுத்த எழுத்தை அடிக்க வைக்கிறது.