வெறும் வயிறு

கல்விளை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பழைய வண்டிக்கொட்டகை ஒன்றைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கியிருந்தார்கள். ஊரார் அதை முயல்கூடு என்றார்கள். டாக்டர் ரசலையன் மட்டும் லேபரட்டரி என்பார். 1951 முதல் அங்கே ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தவன் பொன்னுலிங்கம்.

இன்டர்மீடியட் படித்தவன். எங்காவது வாத்தியாராகியிருக்க வேண்டியவன். முந்தின வருஷம் அவன் மனைவி பகவதி அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஆபரேஷன் மேசையில் அல்ல. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தாள், தலைமாட்டில் நின்றவனிடம் மாட்டுக்கு வைக்கோல் வைத்தாயிற்றா என்று கேட்டாள். மூன்றாம் நாள் கண் மஞ்சளித்தது. பிதற்றினாள். பிறகு அடங்கிவிட்டாள். மயக்கத்துக்குக் கொடுத்த குளோரோபாம் சில பேருடைய ஈரலை இப்படிக் கெடுத்துவிடும் என்று டாக்டரே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

ஈதர் அப்படிச் செய்யாது. ஆனால் தீப்பற்றும். கல்விளைக்கு மின்சாரம் வரவில்லை. இரவு ஆபரேஷன் எல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஈதர் புட்டியைத் திறக்க முடியாது. தீயும் பிடிக்காமல், ஈரலையும் கெடுக்காமல் ஒரு மருந்து வேண்டும். டாக்டரோடு படித்த ஒருவர் சீமையில் மருந்து செய்யும் வேலையில் இருந்தார். புதிதாகச் செய்து பார்க்கும் திரவங்களில் சிறிது இங்கே அனுப்புவார். அவற்றை முதலில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் பொன்னுலிங்கம் வந்து நின்றான்.

அவன் வீட்டார் அய்யாவழிக்காரர்கள். தாங்கல் என்கிற அவர்களுடைய கும்பிடும் இடத்தில் பலி கிடையாது. வருகிறவன் யாராக இருந்தாலும் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்காமல் அனுப்புவதில்லை. "கோழி அறுக்காத வீட்டுலேருந்து போயி முயலையா கொல்லணும்? பொண்டாட்டி போனதுல புத்தியும் போயிட்டா?" என்று சித்தப்பா தாணுமாலயன் பலர் முன்னால் கேட்டார். பொன்னுலிங்கம் நெற்றி நாமத்தைத் துடைக்கவும் இல்லை, வேலையை விடவும் இல்லை.

வேலை பொறுமையைக் கேட்பது. முயலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பஞ்சில் திரவத்தைச் சொட்டுவிட்டு, அது எப்போது சாய்கிறது, காதைக் கிள்ளினால் எப்போது உணராமல் போகிறது, எப்போது எழுகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். பிறகு பல நாள் அதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் டாக்டர் அதை அறுத்து ஈரலைப் பார்ப்பார். மயக்கம் கொடுப்பதற்கு முந்தின நாள் முதல் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. மனிதர்களுக்கு எப்படியோ அப்படியே முயல்களுக்கும்.

அந்த ஒன்றைத்தான் பொன்னுலிங்கம் செய்யவில்லை. வடசேரிச் சந்தையிலிருந்து சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, வாங்கி வந்து, பெட்டிக்குப் போகவிருக்கிற முயல்களுக்கு நறுக்கிப் போட்டுவிடுவான். கம்பவுண்டர் ஆபேல் அவன் கையிலிருக்கும் பையைப் பார்த்துவிட்டு, "என்ன வேய், மாமியார் வீட்டுக்குச் சீரா?" என்று கேட்பான். தின்றுதீர்த்த கூட்டைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சடைக்கும் என்றுதான் மனிதர்களைப் பட்டினி போடுவது, முயல்களுக்கு வாந்தியே வராது. அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று அவன் நினைத்தான்.

நான்காவதாக வந்த திரவம் அருமையாக இருந்தது. தீக்குச்சியைக் காட்டினாலும் எரியவில்லை. முயல்கள் அமைதியாகச் சாய்ந்தன, அமைதியாக எழுந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் கருஞ்சிவப்பாக, பழுதில்லாமல் இருந்தது. டாக்டர் நாய்களிலும் சோதித்துவிட்டுத்தான் மனிதருக்கு என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த ஈரல்களைப் பார்த்தபின் அதைச் சொல்வதை விட்டார்.

1953இல், திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து செல்லத்தாய் என்றொரு பெண் வயிற்றுக் கட்டியோடு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பகலில் டாக்டருக்கு வெளிநோயாளிகள் கூட்டம், அதனால் அன்று சாயங்காலம் விளக்கு வைத்துத்தான் ஆபரேஷன், ஈதர் ஆகாது. புது மருந்தையே கொடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவெடுத்தார். பொன்னுலிங்கத்துக்குக் காலையிலிருந்து நிலைகொள்ளவில்லை. பகவதி போனதற்கு இதாவது நடக்கிறதே என்று இருந்தது.

மத்தியானம் புட்டியை எடுத்துக்கொண்டு வார்டு வழியாகப் போனபோது செல்லத்தாய் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு மடக்குக் கஞ்சித்தண்ணி தரச் சொல்லுங்களேன். நேத்தையிலேருந்து வெறும் வயிறு. கண்ணு ரெண்டும் உள்ள போவுது."

"கொஞ்சம் பொறுத்துக்க, பிள்ளே. ஆபரேசன் முடியட்டும்."

சொல்லிவிட்டு நடந்தவன் வார்டு வாசலில் நின்றுவிட்டான். இத்தனை நாளும் இந்த மருந்தைத் தாங்கியவை எல்லாம் வயிறு நிறைந்த முயல்கள். இவள் வயிறு காய்ந்து கிடக்கிறாள். இவளைப்போல ஒரு உயிருக்கு இந்த மருந்து என்ன செய்யும் என்பது டாக்டருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது தனக்கு மட்டுமே தெரியும்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, இந்த மருந்து இன்னைக்கு வேண்டாம். நம்ம முயலு ஒண்ணுகூட பட்டினி கெடந்ததில்ல. எல்லாத்துக்கும் நான் கிழங்கு போட்டேன்."

"எந்தத் தடவை?"

"எல்லாத் தடவையும்."

டாக்டர் குழாயை மூடினார். "ரெண்டு வருசம், பொன்னுலிங்கம். ரெண்டு வருசத்தையும் முயலுக்கு விருந்து வச்சே தீத்திருக்க. சொல்லித்தானே இருந்தேன்?"

"பகவதி கேட்டா, அய்யா. ஆபரேசனுக்கு முந்தின ராத்திரி விடிய விடிய ஒரு மடக்குக் கஞ்சித்தண்ணி கேட்டா. நீங்க குடுக்கக் கூடாதுன்னிய. நான் குடுக்கல்ல. அதுக்குப் பெறவு எந்த உசிரையும் வெறும் வயித்தோட படுக்க வைக்க எனக்குக் கை வரல்ல."

டாக்டர் கையைத் துடைத்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, செல்லத்தாய்க்குச் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஆபரேஷனை மறுநாள் பகலுக்கு மாற்றினார். பகல் வெளிச்சத்தில் ஈதர் கொடுத்துக் கட்டியை எடுத்தார்கள். அவள் பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

"அந்த மருந்தை முதல்லேருந்து பாக்கணும். பட்டினியோட. வேற ஆளைப் போடட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம் அய்யா. நானே பட்டினி வைக்கேன்."

வைத்தான். பசித்த முயல்கள் கம்பியில் மூக்கை வைத்து அவன் கையைத் தேடின. அவனும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்தவற்றில் பாதிக்கு மேல் மூன்றாம் நாள் சோர்ந்து விழுந்தன. அறுத்தபோது ஈரல் மஞ்சள் பூத்துக் களிமண்போல உதிர்ந்தது. வயிறு காய்ந்தால் ஈரலில் உள்ள சர்க்கரை தீர்ந்துவிடும், அது தீர்ந்த இடத்தில் விஷம் சுலபமாக இறங்கும் என்று டாக்டர் விளக்கினார். பழைய புத்தகம் ஒன்றில் அதைப் படித்திருந்ததாகவும், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

பொன்னுலிங்கம் கத்தியைக் கழுவித் துடைத்தான்.

"அப்போ, அன்னைக்கு நான் கஞ்சித்தண்ணி குடுத்திருந்தா?"

"வாந்தி எடுத்து, மூச்சடைச்சு மேசையிலேயே போயிருக்கலாம். பிழைச்சும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உன்கிட்டச் சொல்ல மாட்டேன்." கத்தியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, "குடுக்கக் கூடாதுன்னது நான்," என்றார்.



அந்த மருந்து ஆகாது என்று சீமைக்கு எழுதிவிட்டார்கள். அதன்பின் கல்விளையில் குளோரோபாம் கொடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு முந்தின சாயங்காலம் கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் வந்தது. அதைப் பொன்னுலிங்கமே கொண்டுபோய்க் கொடுப்பான். குடித்து முடிக்கும்வரை கட்டிலருகே நிற்பான்.

அடுத்த வருஷம் இன்னொரு புட்டி வந்தது. டாக்டர் எதுவும் சொல்லாமலே பொன்னுலிங்கம் கூடுகளை இரண்டு வரிசையாகப் பிரித்தான். ஒரு வரிசைக்குக் கிழங்கு, மற்றதற்குத் தண்ணீர் மட்டும்.

ஆபேல் எட்டிப் பார்த்தான். "இது என்ன வேய், ஒரு பந்திக்குச் சாப்பாடு, ஒரு பந்திக்குப் பட்டினி? நல்ல கல்யாண வீடு."

பொன்னுலிங்கம் பட்டினி வரிசையின் முன்னால் குனிந்து, கூட்டு மூலையில் ஒட்டியிருந்த ஒரு கிழங்குத் துணுக்கை விரலால் எடுத்து வெளியே போட்டான்.