பாகூரிலிருந்து பாகூர் வரை, லிட்டருக்குப் பதினைந்து

பாகூர் பெட்ரோல் பங்கில் போய் நின்றபோது காலை ஆறே முக்கால். தை மாதப் பனி ஏரிக்கரைப் பக்கம் இன்னும் விலகவில்லை. என் கணவர் எதிர்க்கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, பின்சீட்டில் கல்யாணப் பத்திரிகைகளையும் குங்குமச் சிமிழையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டேங்க் நிறைந்து, பெட்ரோல் போடும் கன் டக்கென்று தானாக நின்றதும், "போதும்பா" என்றேன். கிலோமீட்டர் மீட்டரின் பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பாகூரில் கிளம்பி பாகூருக்கே திரும்பும் பயணம். இதைப் போய் எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாடு போனவர்கள்கூட இவ்வளவு படபடப்போடு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் சின்னக் காருக்குப் பதினாறு வயது. பாகூரில் எங்களுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. கார் வாங்கியது கடைக்காக. ஆனால் நாற்பத்தாறு வயதில் நான் அதில் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு அது மெல்ல மெல்ல என் காராகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் வில்லியனூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவேன். அதற்கு முன்பெல்லாம் போக வேண்டுமென்றால் பஸ் மாற வேண்டும், அல்லது இவரிடம் கேட்டு, இவருக்கு நேரம் வாய்த்து, இவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். மாதம் ஒருமுறை போனாலே பெரிய விஷயம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு இவர் காரை விற்கப்போவதாகச் சொன்னார். "லிட்டருக்குப் பதினொன்னு குடுக்கிற வண்டிய வச்சிக்கினு இன்னா பண்றது? கடலூர்ல ஒருத்தரு கேக்கறாரு" என்றார். நான் சண்டை போடவில்லை. பதினைந்து கொடுத்தால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அண்ணி சாட்சி. கடலூர்க்காரர் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. நாங்கள் கிளம்பியது ஞாயிறு. மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. அதையே பரீட்சையாக்கிவிட்டோம்.

பரீட்சைக்கு நான் படிக்காமல் வரவில்லை. மெக்கானிக்கிடம் விட்டு ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றினேன். நாலு டயரிலும் காற்று குறைந்திருந்தது, சரியாக நிரப்பினேன். டிக்கியைத் திறந்து பார்த்தால் கொத்துவதற்காக எடுத்துப்போன கிரைண்டர் கல், யார் வீட்டு விசேஷத்துக்கோ போன பித்தளை அண்டா, மழையில் இறுகிப்போன அரை மூட்டை சிமெண்ட். ஒரு குடித்தனத்தையே இவ்வளவு நாளாக ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இறக்கியபோது வண்டியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிய மேலே எழும்பியது.

ஏழு மணிக்குக் கரியமாணிக்கம் நோக்கிக் கிளம்பினோம். சுமார் பதினான்கு கிலோமீட்டர். ஏசி போடவில்லை. கியரைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றி, ஆக்ஸிலேட்டரைப் பூப்போல மிதித்து ஓட்டினேன். எங்கள் பக்கத்துச் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக உருண்டு போய்த் தடையைத் தொடும். பிரேக்குக்கு வேலை இல்லை. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எரித்த பெட்ரோல் வீண். இது எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்தவருக்குத்தான் புரியவில்லை. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, இப்டியே போனா கல்யாணம் முடிஞ்சிதான் பத்திரிக வைப்போம்" என்றார்.

"நீ சும்மா வாடா. குலுங்காம நல்லாத்தான் ஓட்றா" என்றார் அண்ணி.

அறுவடைக் காலம். சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்டவர்கள் ஓரமாகக் கல் அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், வானத்தை மறைக்கிற அளவு கரும்பு ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போனது. முந்தச் சொன்னார் இவர். முந்தினால் அழுத்தி மிதிக்க வேண்டும். நான் மூன்றாவது கியரில் கரும்பு வாசனையை அனுபவித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரியமாணிக்கத்தில் இவருடைய தாய்மாமா வீடு. நெல்லும் கரும்பும் பயிர் வைப்பவர். தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுத்தோம். காபி வந்தது, இட்லி வந்தது. எழுந்திருக்கும்போது இருபத்தைந்து கிலோ புது அரிசி மூட்டை வந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைக்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. இது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். பரீட்சைக்கு நாள் குறித்தபோது அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

"மாமா, கல்யாணத்துக்கு வரும்போது எடுத்தாங்களேன்" என்று இழுத்தேன்.

"கல்யாணத்துக்கு வரும்போது வேற எடுத்தாருவேன்" என்றார் மாமா. மூட்டையோடு முப்பது தேங்காயும் டிக்கியில் ஏறியது. என் கணவர் இவ்வளவு உற்சாகமாகச் சுமை தூக்கி நான் பார்த்ததில்லை.

அடுத்து கண்டமங்கலம், மடுகரை சாலையைப் பிடித்து மதகடிப்பட்டு வழியாக. பாகூரையும் சேர்த்துப் புதுச்சேரியின் கிராமங்கள் சிந்திய பருக்கை மாதிரி கிடப்பதால் வழியில் எப்போது தமிழ்நாட்டுக்குள் நுழைகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதைச் சாலையோரப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டமங்கலம் தமிழ்நாடு. அங்கே என் பெரியப்பா மகன் இருக்கிறார். டிக்கியைக் குறைக்க இதுதான் சமயம் என்று இருபது தேங்காயை எடுத்து அண்ணன் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். அண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொல்லைக்குப் போனவர் ஒரு முழு வாழைத்தாரோடு வந்தார். தேங்காய் இருந்த இடத்தில் தார் உட்காரவில்லை, டிக்கி மூடவில்லை. கடைசியில் அது அண்ணியின் பக்கத்தில் ஓர் ஆள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து வந்தது.

பதினொன்றரை மணிக்குக் காட்டேரிக்குப்பம். வெயில் ஏறிவிட்டது. அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஏசியப் போட்டா இன்னாடி ஆவும்?" என்று முதல் தடவையாகக் கட்சி மாறினார். இன்னும் கொஞ்ச தூரம் என்று கெஞ்சினேன். அங்கே செல்வி வீடு. எங்கள் கடையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்த பெண். இப்போது வீட்டுக்காரரோடு கரும்பு வெட்டப் போகிறாள். பத்திரிகையை வாங்கி முதல் மரியாதையாகச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். பிறகு மோர் கொடுத்தாள். பிறகு ஒரு பரங்கிக்காய் கொடுத்தாள். அதன் பருமனை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

"அக்கா, வில்லியனூரு தானே போறீங்க? நானும் எங்க மாமியாரும் மார்க்கெட்டு வரைக்கும் வந்துட்றோம். பஸ்ஸு இனிமே ஒரு மணிக்குத்தான்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஏறும்மா, ஏறு. எடம் நெறையக் கீது" என்றார். இடமா இருந்தது? வாழைத்தாரைச் செல்வியின் மாமியார் மடியில் படுக்கவைத்தோம். பரங்கிக்காயைச் செல்வி கட்டிக்கொண்டாள். ஐந்து பேர், ஒரு தார், ஒரு காய், ஒரு மூட்டை. முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு எழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே நேரம் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது. செல்வி, "வண்டி சூப்பரா ஓடுதுக்கா. நீங்களே ஓட்றீங்களே, அதுதான் கெத்து" என்றாள். ஊசுட்டேரிப் பக்கம் காற்று குளுகுளுவென்று வந்தது. அண்ணி வாழைத்தாரின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

வில்லியனூரில் செல்வியையும் மாமியாரையும் மார்க்கெட் முனையில் இறக்கிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனபோது மணி ஒன்று. தங்கைக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே போனில் அழுதிருந்தேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அரிசி, தேங்காய், தார், பரங்கிக்காய் எல்லாவற்றையும் ஆள் வைத்து இறக்கி உள்ளே வைத்துவிட்டாள். கல்யாண வேலைக்கு வரும்போது ஆட்டோவில் எடுத்து வருவாளாம்.

"இது ஏமாத்து வேல" என்றார் இவர்.

"சுமைய எறக்கக் கூடாதுன்னு யாரு மாமா சொன்னது?" என்று கேட்டு அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினாள். அவர் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார்.

மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகத் திரும்பினோம். காலி வண்டி காகிதம் மாதிரி ஓடியது. மீட்டரைப் பார்ப்பதும் மனசுக்குள் வகுப்பதுமாக வந்தேன். ஐந்தே முக்கால் லிட்டருக்குள் நிரம்பிவிட்டால் நான் ஜெயித்தேன். நாலு மணிக்குப் பாகூர் பங்கில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தியபோது மீட்டரில் எண்பத்தாறு.

இவர் இறங்கிப் பங்க்காரர் பக்கத்தில் போய் நின்றார். பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்கும்போது அண்ணி தண்ணீர் கேட்டார். குனிந்து, சீட்டுக்கு அடியில் உருண்டிருந்த பாட்டிலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேரம்தான். வண்டி ஆடத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் என் கணவர் இரண்டு கையையும் கூரையில் ஊன்றி வண்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கிறார். பங்க்காரர் கன்னை விடாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டைவிட எங்கள் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதனால் எல்லை தாண்டப் போகிற எவரும் இங்கே வண்டியை உலுக்கி, குமிழியெல்லாம் அடங்க, மூடி வரைக்கும் நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். அடுத்த நாள் நாங்கள் கடலூர்ப் பக்கம் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். கை தானாகப் போய்விட்டது.

"இன்னாங்க பண்றீங்க?" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை எடுத்தார். மெஷினில் ஏழு லிட்டரும் கொஞ்சமும் காட்டியது.

"கன் எத்தினில நின்னுச்சுப்பா?" என்று பங்க்காரரைக் கேட்டேன்.

"அஞ்சு அம்பதோ, அறுவதோ. சரியாப் பாக்கலக்கா. சாரு ஆட்ட ஆரம்பிச்சிட்டாரு."

எண்பத்தாறை ஏழு சொச்சத்தால் வகுத்தால் பன்னிரண்டு. "மெஷின்ல இன்னா இருக்குதோ அதான் கணக்கு" என்றார் இவர். ஆனால் குரலில் சுரத்தே இல்லை.

"நீ உலுக்கினது உன் தப்புடா" என்றார் அண்ணி.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது, அதை அங்கேயே சொல்லிவிட்டேன். "மைலேஜு எனக்கு இன்னாத்துக்குங்க? இந்த வண்டி இருந்தா என் தங்கச்சியப் பாக்க நான் யாரையும் கேக்க வேணாம். நீங்க எப்போ ஃப்ரீ ஆவீங்கன்னு வாசல்ல நிக்க வேணாம். அதுக்குத்தான் இவ்ளோ பாடு." பங்க்காரர் மீதிப் பணத்தை மெதுவாக எண்ணிக்கொடுத்தார்.  வீடு வரும்வரை நான் பழக்க தோஷத்தில் வேகத்தடைகளுக்கு முன்னால் காலை எடுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து விளக்கு ஏற்றும் நேரம் கடலூர்க்காரர் போன் செய்தார். இவர் எடுத்தார். இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னைப் பார்த்தார். "வண்டி ஓட்றது அவங்கதான். வண்டியப் பத்தி அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"வணக்கம்மா. காலைல வரலாம்னு இருக்கேன். லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் எங்கோ பார்ப்பது போல் நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தாங்க பாத்தோம். பன்னெண்டு" என்றேன்.

"பன்னெண்டா? சரியாப் பாத்தீங்களா?"

"மெஷின்ல பாத்ததுங்க. சாட்சி இருக்குது." அண்ணி உள்ளேயிருந்து, "ஆமா, நான் பாத்தேன்" என்று அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எங்க ஊர்ல பெட்ரோல் விக்கிற வெலைக்குப் பன்னெண்டு கட்டுப்படி ஆவாதேம்மா."

"ஆவாதுங்க" என்றேன், மனதார.

செவ்வாய்க்கிழமை காலை. இவர் கடையில் ஒரு குடும்பத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று, "போயிட்டு வரேங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.